மக்கிய கல்லின் மேல் ஓர் ஊர்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சாலையோரம் தாங்குசுவர் எழும்புகிறது. மழையில் மண் சரிந்த இடம். வெட்டுமுகத்தில் மேலே கறுத்த மண், அதன் கீழ் சிவந்த களி, களிக்குள் உருண்டைக் கற்கள், அடியில் அசையாத பாறை.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கல்லை எடுத்ததும் சுத்தியலால் ஒரு தட்டு. சில கற்கள் சுவருக்குப் போகின்றன. சில ஓரமாக விழுகின்றன.

"இதுவும் கல்லுதானே மேஸ்திரி?" என்கிறான் கையாள் பையன்.

"கணீர்னு கேக்கணும் தம்பி. இது உள்ளே மக்கிப்போச்சு."

சம்மட்டி விழ, ஒரு கல் பிளக்கிறது. வெளிப்புறம் துருவேறிய பழுப்பு. உள்ளே எண்ணெய் மினுக்கோடு கரும்பச்சை. சார்னோகைட். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்த பாறை இது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நிலங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்த காலத்துச் சூடு. இதன் உறவுப் பாறைகள் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் கிடக்கின்றன.

தெற்கே குமரிமுனையில் அலை மோதுவதும் இந்த இனப் பாறையில்தான். அங்கே பாறையின் தோல் மக்க மக்கக் கடல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. 2,000 மீட்டருக்கு மேலே இங்கே அலை இல்லை. பனியும் மழையும் மெல்ல ஊறி, வெண்கனிமங்களைக் களியாக்குகின்றன. இரும்பு துருவேறி மண்ணைச் சிவக்க வைக்கிறது. மக்கியது அப்படியே தங்குகிறது. சோலையும், பூண்டு வயலும், வீடுகளும் நிற்பது அதன் மேல்தான்.

2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டைக் காக்கிறது. ஊருக்குள் இருக்கும் சரிவுகளைக் காப்பது ஊராரின் பொறுப்பு.

மேஸ்திரி கற்களுக்கு நடுவே குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுகிறார்.

"இது எதுக்கு?"

"உள்ளே ஊறுற தண்ணி வெளியே வரணும். வழி விடலைன்னா சுவரையே தள்ளிட்டு வந்துரும்."

பையன் மண்வெட்டியோடு மேலே ஏறுகிறான். விளிம்பில் நிற்கும் மரத்தின் வேர்கள் வெளியே தொங்குகின்றன. ஒன்றை வெட்ட ஓங்குகிறான்.

"டேய், அதைத் தொடாதே! என் சுவரு பாதிதான் தாங்கும். மீதியை அந்த வேருதான் தாங்கணும்."