டென்னிஸ் ஆடாதவளுக்கு டென்னிஸ் எல்போ!

என் வலது முழங்கை வலிக்கு டாக்டர் சொன்ன பெயர் 'டென்னிஸ் எல்போ'. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால், மட்டை பிடிக்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறதாம். அதுவும் 35 வயதுக்கு மேல்.

முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பில் ஆணி அடித்தாற்போல் வலி. காப்பி டம்ளரே கனத்தது. தைலம், ஒத்தடம், பட்டை எல்லாம் ஆயிற்று. ஊசி போட்டதில் ஒரு மாதம் சுகம். அப்புறம் பழையபடி வந்துவிட்டது. 8 மாதம் இப்படியே ஓடிற்று.

பிசியோதெரபி செய்யும் பெண்தான் முதலில் கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். கழுத்து நரம்பு அழுந்தினாலும் முழங்கையில் வலிக்குமாம். விரல் மரத்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு அது இல்லை. பிறகு, "தினம் என்னென்ன வேலை செய்யறீங்க, செய்து காட்டுங்கம்மா" என்று ஒரு ஈரத் துண்டைக் கையில் கொடுத்தாள். பிழிந்தேன். உயிரே போயிற்று!

படுக்கையில் இருக்கும் என் மாமியாரின் விரிப்புகளைத் தினம் மூன்று, நாலு தடவை கையால் அலசிப் பிழிகிறவள் நான். வீட்டில் மெஷின் இருக்கிறது. ஆனால் மற்றவர் துணி போடும் மெஷினில் தன் விரிப்பைப் போடுவதில் அத்தைக்குக் கூச்சம்.

மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகள் அந்த எலும்பு முனையில்தான் வந்து சேருகின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும், முறுக்கினாலும் அங்கேதான் இழுக்கும். நைந்த தசைநார் ஆறுவதற்குள் மறுபடி பிழிந்தால் எப்படி ஆறும்? ஊசி வலியை அடக்கும், விரிப்பைப் பிழியுமா?

மேஜைமேல் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டைப் பிடித்து, இடது கையால் தூக்கிவிட்டு, மெதுவாக இறக்கச் சொல்லிக் கொடுத்தாள். பாத்திரத்தை மேலிருந்து கவ்வித் தூக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கச் சொன்னாள். இதெல்லாம் சுலபம். அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டம்.

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். விரிப்புகளைத் தனியாக, ராத்திரியில், தானே மெஷினில் போடுவதாக. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், தலை வாரிவிடும்போது, "உன் கை எப்படி இருக்கு?" என்றார்.

5 மாதம் ஆகிறது. டம்ளர் இப்போது கனக்கவில்லை. இட்லிப் பானையை மட்டும் இன்னும் இரண்டு கையாலும்தான் இறக்குகிறேன்.