முந்தியும் முழுப்புடவையும்

எங்கள் காஞ்சிபுரத்தில் முந்தியை மட்டும் காட்டி முழுப்புடவை விலை கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அஞ்சல்தலை சேகரிப்பில் எனக்கு அதுதான் நடந்தது. 'புக்லெட்' என்று பேசி, பணமும் கட்டினேன். வந்தது அதிலிருந்து பிரித்த ஒரே ஒரு உள்தாள். அன்று மனம் மிகவும் வலித்தது.

புக்லெட் என்பது அட்டை, உள்தாள்கள், அவற்றைச் சேர்த்த பிணைப்பு எல்லாம் அடங்கிய முழுமை. 1900இல் அமெரிக்க அஞ்சல்துறை பன்னிரண்டு 2 சென்ட் தலைகள் கொண்ட புக்லெட்டை 25 சென்ட்டுக்கு விற்றது. ஒரு சென்ட் கூடுதல். உள்ளே ஆறு ஆறாக இரண்டு தாள்கள். அதில் ஒரு தாள் மட்டும் கையில் இருந்தால் அது உள்தாள்தான், புக்லெட் அல்ல.

அஞ்சல்தலைகளைப் பட்டியலிடும் கேட்டலாக் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஸ்காட் கேட்டலாக்கில் அமெரிக்க முழு புக்லெட்டின் எண் 'பிகே' என்று தொடங்கும். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்கில் 'எஸ்பி'. ஸ்காட்டில் உள்தாளுக்குத் தனி வரிசை கிடையாது. அதிலுள்ள தலையின் எண்ணோடு ஒரு சிறிய ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு வரும்.

புதிதாகச் சேகரிக்கும் தம்பி தங்கைகளே, விலையைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். முழு புக்லெட் கிடைத்தால் தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள். அறுத்த முந்தியை மறுபடி புடவையோடு நெய்து சேர்க்க முடியாது.