நாற்பது படி ஏறணும் சார்!

பூந்தமல்லி பக்கம் பஸ்ஸில் போனால் சாவடிகளாக வரும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி இளைப்பாறும் இடம். நடந்து போகிறவனை நம்பிப் பிறந்த பெயர் அது. இன்றைக்கு வேலப்பன்சாவடியில் நடந்து ரோட்டைக் கடப்பவனைப் பாருங்கள். ஒரு பக்கம் பெங்களூர் லாரி, மறு பக்கம் காலேஜ் பஸ், நடுவில் ஷேர் ஆட்டோ. வடக்கே கூவத்தைத் தாண்டினால் திருவேற்காடு. கருமாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் பாதிப்பேர் ரோட்டிலேயே கால் வைக்கிறார்கள்!

நான் பி.காம். மெஷினோ, நாற்காலியோ, வருஷா வருஷம் தேய்மானம் எழுது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடைபாலத்துக்கு மட்டும் அதை யாரும் எழுதுவதில்லை. பெயிண்ட் உரிந்து, ஈரம் பட்டு, இரும்பு துருவாக உதிரும். கணக்கில் மட்டும் பாலம் புதுசாகவே நிற்கும், விழுகிற நாள் வரை.

விழுந்த பிறகும் அவசரம் கிடையாது. அடையாறு முகத்துவாரத்தில் 1967-ல் மீனவர்கள் நடந்து போகக் கட்டிய பாலம், 1977-ல் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போனது. மிச்சம் 'உடைந்த பாலம்' என்ற பெயரில் சினிமா ஷூட்டிங்குக்குப் பயன்பட்டது. ஹீரோ டூயட் பாடினார். மீனவர் சுற்றிப் போனார்.

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. புனே அருகே குண்ட்மலாவில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த பழைய இரும்புப் பாலம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்தது. புதுப் பாலம்தான் இல்லை. மனசு வைத்தால் கட்ட முடியாதா? மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகலான படிக்கட்டில், 2017 செப்டம்பர் 29-ல் நெரிசலில் 23 பேர் செத்தார்கள். ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். 2018 பிப்ரவரியில் புதுப் பாலம் ரெடி. ஐந்தே மாசம்!

சரி, புதுசு வந்துவிட்டால் கஷ்டம் தீருமா? ஹைவே மேலே பாலம் என்றால் லாரிக்கு 5.5 மீட்டர் இடைவெளி விடணும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் 6 மீட்டருக்குக் குறையாது. படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால், ஏற 40 படி, இறங்க 40. "முட்டி ஒத்துழைக்கணுமே சார்" என்று பெரியவர்கள் கீழேயே கடப்பார்கள். சைக்கிள்காரர் என்ன செய்வார்? இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் பாதை போட்டால், ஒரு பக்கத்துக்கே 120 மீட்டர் நீளம் வேணும். "இடமில்லை" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். கடைசியில் அவர் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியதுதான். அதனால்தான் ஆற்றின் மேலே கரையோடு கரையாகப் போகும் பாலத்துக்கு மதிப்பு. அதில் ஏற்றம் குறைவு, மூச்சிரைப்பும் குறைவு.

உங்கள் பேட்டையில் 'புதிய நடைபாலம், அடிக்கல் நாட்டு விழா' என்று போஸ்டர் பார்த்தால், கூட்டத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். பழசை இடிக்கும்போது மாற்று வழி எங்கே? சைக்கிள் ஏறுமா? பத்து வருஷம் கழித்து பெயிண்ட் அடிக்கப் பணம் எந்தக் கணக்கில்?

மூன்றாவது கேள்விக்கு, மேடையில் மைக் கை மாறிக்கொண்டே இருக்கும்.