உபதேசியாரின் ஐந்து புளியங்கொட்டைகள்

நமது பங்கின் உபதேசியார் முப்பத்தைந்து ஆண்டுகளாக மாலைச் செபமாலையை முன்னின்று சொல்லி வந்தவர். புத்தகத்தைக் கையால் தொட்டவரல்லர். மரண சகாய நிதியின் கணக்கும் அவரிடமே இருந்தது. ஒரு காசு பிசகியதில்லை. சென்ற ஆண்டு, தமது 72-ம் வயதில், நெஞ்சுவலி கண்டு நகரத்து மருத்துவமனை ஒன்றில் பைபாஸ் அறுவை செய்துகொண்டார்.

மூன்றாம் நாள் நற்கருணை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கச் சென்றோம். மகன் வாசலிலேயே நம்மை மறித்தான். "சாமி, அப்பாவுக்கு என்னமோ பிடித்துவிட்டது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று ராத்திரியெல்லாம் கத்துகிறார். நர்ஸம்மா மருந்தில் விஷம் வைக்கிறாராம். தீர்த்தம் தெளித்து மந்திரியுங்கள்" என்றான். உள்ளே கிடந்தவர் நம்மைக் கண்டதும், என்றோ காலமான தம் அண்ணன் பெயரைச் சொல்லி அழைத்து, "கோயில் மணியடிக்க நேரமாகிவிட்டது, இந்தக் குழாய்களைக் கழற்றிவிடு" என்று கெஞ்சினார்.

தீர்த்தம் தெளித்துச் செபித்தோம். பின்னர் மருத்துவரையும் கண்டு பேசினோம். இது பேயுமன்று, பைத்தியமுமன்று என்றார் அவர். பெரிய அறுவைக்குப் பின் முதியோருக்கு அடிக்கடி வரும் சித்தக் கலக்கமாம் இது. பகலில் தெளிந்து இரவில் மிகுமாம். மயக்க மருந்து, உடலெங்கும் எழும் அழற்சி, தீவிர சிகிச்சைப் பிரிவின் தூக்கமின்மை, இரத்தக் குழாயிலிருந்து பெயர்ந்து மூளைக்குச் செல்லும் நுண்துகள்கள் எனக் காரணங்கள் பல உண்டாம். "மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டுங்கள். கண்ணில் படும்படி ஒரு கடிகாரம் வையுங்கள். தெரிந்த முகம் ஒன்று எப்போதும் அருகில் இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தார்கள். நான்கைந்து நாட்களில் எறும்புகள் மறைந்தன.

அத்துடன் எல்லாம் தீர்ந்தது என்றே நாம் எண்ணினோம். அங்கேதான் தவறினோம்.

வீடு திரும்பி இரண்டு மாதங்களில் மீண்டும் செபமாலைக்கு வந்தார். செபங்களில் ஒரு சொல்லும் தவறவில்லை. ஆனால் மூன்றாம் தேவ இரகசியத்தை இரண்டு முறை சொன்னார்; மறுநாள் நான்காவதிலிருந்து முதலாவதற்குத் திரும்பினார். பின்வரிசையில் இளைஞர் சிரித்தனர். நிதி நோட்டில் ஒரு வீட்டுச் சந்தா இரண்டு முறை ஏறியிருந்தது, வேறொன்று ஏறவேயில்லை. 340 ரூபாய் குறைந்தது. ஊர் முணுமுணுத்தது. முணுமுணுப்பை அடக்குவதாக எண்ணி, உபதேசியாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், நோட்டை வாங்கிப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

அன்றிலிருந்து அவர் கோயிலுக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். "அவர் எடுத்துக்கொண்டார் என்று ஊர் சொல்கிறது. நீங்களும் நம்பிவிட்டீர்களா, சாமி?" என்று கேட்டார். வயது முதிர்ந்த தந்தையின் அறிவு குன்றும்போது மகன் எப்படி நடக்கவேண்டும் என்பது சீராக் ஆகமத்தின் 3-ம் அதிகாரத்தில் உண்டு. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தாம் நாம்.

அன்றிரவே சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எண்ணிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை எங்கேயோ போய்விடுகிறது, சாமி" என்றார். அந்த 340 ரூபாய் அவரது பழைய பாட்டுப் புத்தகத்துக்குள் ஓர் உறையில் இருந்தது.

அதன் பிறகே இதைப்பற்றித் தேடிப் படித்தோம். அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தார் பைபாஸ் செய்துகொண்ட 261 பேரைச் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது 53 விழுக்காட்டினருக்கு நினைவு, கவனம் முதலியவற்றில் தளர்ச்சி இருந்தது. ஆறு மாதத்தில் அது 24 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்தாண்டு முடிவிலோ 42 ஆயிற்று. எல்லாப் பழியையும் இதய-நுரையீரல் இயந்திரத்தின்மேல் போட்டவர் பலர். ஆனால் அறுவை செய்துகொள்ளாத இதய நோயாளிகளையும் உடன் வைத்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில், ஆண்டுகள் கழித்து வரும் தளர்ச்சி இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இரத்தக் குழாய் நோயும் முதுமையும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன போலும். ஆகவே மறதிக்கு அஞ்சி, தேவையான அறுவையை யாரும் தள்ளிப்போட வேண்டாம். முன்பே மறதியோ குடிப்பழக்கமோ இருப்பின் மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். வீடு திரும்பியபின் பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, திடீரென்று குழப்பம் வந்தாலோ, நம்மைத் தேடி வருமுன் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அக்டோபர் மாதச் செபமாலைக்கு உபதேசியார் மீண்டும் வந்தார். ஞான உபதேசப் பிள்ளைகளுக்கு எண்ணக் கற்பித்த ஐந்து புளியங்கொட்டைகளைப் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு தேவ இரகசியம் முடிந்ததும் ஒன்றை நகர்த்தினார். யாரும் சிரிக்கவில்லை. கணக்கு நோட்டு ஆசிரியரிடமே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவர் அதை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுத் திண்ணைக்குப் போகிறார், இருவரும் கூட்டிப் பார்க்கிறார்கள். இரு வாரங்களுக்கு முன் ஆசிரியரின் கூட்டலில் 10 ரூபாய் பிசகு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் உபதேசியார்.