காற்றைத் தாங்கும் கல் வீடுகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் வடகோடியில், லூசோன் தீவுக்கும் தாய்வானுக்கும் இடையே, பட்டானேஸ் என்னும் சின்னஞ்சிறு மாகாணம் அமைந்துள்ளது. தீவுகள் பத்து, மக்கள் குடியிருப்பவை பட்டான், சப்டாங், இட்பயாட் என்னும் மூன்றே. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் தொகை 19,000க்கும் குறைவு.

மணிலாவிலிருந்து விமானத்திற் சென்று, தலைப்பட்டினமாகிய பாஸ்கோவில் இறங்கினோம். முதலில் எம்மை வரவேற்றது காற்றே! தோட்டங்களைச் சுற்றிக் காற்றுத் தடுப்பாக நாணல் வேலிகள் நிற்கின்றன. உள்ளியும் வற்றாளையும் விளைகின்றன. நம் வீடுகளிற் கூழாகும் இராசவள்ளிக் கிழங்கை அங்கே 'உவி' என்கின்றனர்.

சப்டாங் செல்ல இவானாத் துறையை அடைந்தோம். வள்ளக்காரர் கடலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டார், அன்று பயணமில்லை. அருகே விற்பனையாள் இல்லாத ஒரு கடை. வேண்டியதை எடுத்துக்கொண்டு, விலையைப் பெட்டியில் இடவேண்டும். கோப்பி அருந்தினோம். சில்லறை இல்லாமையாற் சிறிது கூடவே இட்டோம். குறைத்திட மனம் வருமா?

மறுநாள் 'பாலோவா' என்னும் வள்ளத்திற் கடந்தோம். சவாயன் ஊரிலே இவட்டான் மக்களின் கல் வீடுகளைக் கண்டோம். சுவர்கள் ஏறக்குறைய மூன்றடிக் கனம். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியவை. மேலே இலுக்குப் புல்லைத் தடிப்பாக வேய்ந்திருக்கின்றனர். புயல் வந்து மோதும் பக்கத்திற் சாளரமே இல்லை. பெண்கள் தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் 'வாக்குல்' என்னும் நார் முக்காட்டை அணிந்து வயலுக்குச் செல்கின்றனர். வெயிலுக்கும் மழைக்கும் அஃதொன்றே போதும்.

ஆயினும் காற்றை வென்ற சுவர் நிலநடுக்கத்தை வெல்லவில்லை. 2019 ஆம் ஆண்டு யூலை 27 ஆம் நாள் விடியுமுன் இட்பயாட் தீவு அதிர்ந்தது. சில மணி நேரத்தில் மீண்டும் அதிர்ந்தது. புயலுக்கென்று கட்டிய கனத்த சுவர்களே சரிந்து வீழ்ந்தன. ஒன்பது பேர் மாண்டனர். பழைய முறையில் மீண்டும் கட்டினால் நிலத்துக்கு அஞ்சவேண்டும். இலேசாகக் கட்டினாலோ காற்றுக்கு அஞ்சவேண்டும். எதைத் தெரிவது?

செல்ல விரும்புவோர்க்கு மார்ச்சு முதல் மே வரையுள்ள காலம் ஏற்றது. மீனவர் பறவைமீனைப் பிடித்து, அதனை இரையாக்கிப் பெருமீன் பிடிப்பதும் அப்போதுதான். திரும்பும் நாளுக்கு மேல் இரண்டு நாளேனும் கையிருப்பாக வைத்துக்கொள்க. காற்று எழுந்தால் வள்ளமும் வராது, விமானமும் வராது.