தறிக்குடோனில் பத்து மீட்டர்

செப்டம்பர் 1, 2025, திங்கள்

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போகும் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி. அது எங்கள் திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒன்றரை ஷிப்டு ஓடிய செக்கிங் பிரிவுக்கு இனி ஒரு ஷிப்டுதான். சனிக்கிழமைச் சம்பளம் எவ்வளவு குறையும் என்று எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டபடியே பஸ் ஏறினோம். பல்லடம் வழியாகக் குண்டடம் வந்து இறங்கியபோது வடுகநாதர் கோயில் பக்கம் பூக்கடைகூடக் கட்டவில்லை. ஊர் அடங்கிய பிறகே வீடு சேர்ந்து பழகியவனுக்கு ஒரு முழுச் சாயங்காலம் கையில் கிடைத்திருக்கிறது.

வட்டியும் தவணையும் அதுபாட்டுக்கு இருக்கின்றன. ஆனால் இந்தச் சாயங்காலங்களை டிவிக்குக் கொடுக்க மாட்டேன். தறிக்குடோனைக் காலி செய்து, அக்கா மகளுக்கும் எனக்கும் ஒரு பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ரேஞ்ச் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அய்யன் காலத்துத் தறிகளை எடைக்குப் போட்ட பிறகு அங்கே வெங்காயச் சாக்கும் மக்காச்சோளத் தட்டும்தான் கிடக்கின்றன. நீளம் தாராளம். காற்றாலைப் பக்கத்துக் காற்று எவ்வளவு அடித்தாலும் உள்ளே குறி அட்டை ஆடாது.

செப்டம்பர் 4, வியாழன்

தட்டை எல்லாம் வெளியேற்றிக் கழுவிவிட்டோம். இன்று அளவு வேலை.

சுடுகோட்டிலிருந்து அட்டைக்கு 10 மீட்டர். அட்டையின் நடு, தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; ஐந்து சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். ரைஃபிள் அட்டையின் கருப்பு வட்டம் மொத்தமே 30.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். சிங்கிள் ஜெர்சித் துணியில் ஊசி குத்திய ஓட்டை இருக்குமே, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அந்த ஓட்டையைத் தேடியே சம்பளம் வாங்குகிறவன் என்பதால் அந்தப் புள்ளியின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், அதன் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து. பிஸ்டல் அட்டையில் பத்தின் வட்டம் 11.5 மில்லிமீட்டர் இருக்கும். பெரிதாகத் தெரிகிறதே என்று நினைக்கக் கூடாது. பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும்.

அட்டையின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சமாவது விழ வேண்டும் என்பது சர்வதேச விதி. கழித்துப் போட்ட செக்கிங் டேபிளின் டியூப்லைட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினேன். கம்பெனியில் ஆடிட்டுக்கு வைத்திருக்கும் லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்ததில் முள் தாண்டியே நின்றது. அக்கா மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று ராத்திரி சந்திர கிரகணம். அதற்குள் வேலையை முடித்துக் குளித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். பிடித்த வேலை என்பதால் சாப்பாட்டைக்கூட மறந்து செய்தோம்.

குண்டு பிடிக்கும் பெட்டி. வீட்டில் சுடப் பழகுகிறவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். ஒரு பழைய பேக்கிங் பெட்டியை எடுத்து, லேத் பட்டறையில் வெட்டி வாங்கிய கனமான இரும்புத் தகட்டை அதன் முதுகில் போல்ட் போட்டு முடுக்கினேன். உள்ளே திருப்பூரில் எங்கே திரும்பினாலும் கிடைக்கிற கட்டிங் வேஸ்ட். ரிப், இன்டர்லாக், பிளீஸ் என்று கனத்த துணியாகப் பொறுக்கி எடுத்து, முழங்காலால் அழுத்தி அழுத்தி அடைத்தோம். தளர்வாக அடைத்தால் குண்டு துளைத்துக்கொண்டு தகடு வரை போய்விடும். இறுக்கி அடைத்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஒரே இடத்தில் அடிபட்டு நடுவில் பள்ளம் விழும் என்பதால், அவ்வப்போது முன்மூடியைக் கழற்றி நடுத்துணியை மாற்ற வேண்டும்.

வெறும் இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்தாலும் குண்டு நிற்கும். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. குண்டு ஈயம், தகட்டில் மோதினால் நசுங்கித் தூளாகும். குழந்தைகள் வந்துபோகிற வீட்டில் ஈயத்தூளுக்கு இடம் கொடுக்கக் கூடாது. துணிக்குள் போன குண்டு பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். அதைப் பொறுக்கி மூடிபோட்ட டப்பாவில் சேர்க்கலாம். விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் தரையைத் துடைக்கலாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குத் தட்டைத் தொடக் கூடாது என்பது குடோனின் முதல் சட்டம்.

குறி தவறினால் பின்னால் இருப்பது கருங்கல் சுவர். பட்ட குண்டு தெறிக்கும். அதனால் சுவர் முழுவதும் பிளைவுட் அடித்து, அதற்கு முன்னால் பழைய தார்ப்பாயை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டிருக்கிறோம். ஜன்னல்களை அடைத்தாயிற்று. உள்ளே வர ஒரே கதவு, அதுவும் சுடுகோட்டுக்குப் பின்னால். யார் வந்தாலும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். “லைசென்ஸ் எல்லாம் வேண்டாமாப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வந்தபோது, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் குழல்வாயில் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அதைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். நான் வாங்கிய கடையில் அடையாள அட்டை நகலை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். பில்லை ரைஃபிள் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பெட்டிச் சாவி என்னிடம். நான் இல்லாத நேரம் ரைஃபிள் வெளியே வராது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேய்பிறை அஷ்டமி. காலையிலிருந்து கோயிலில் நல்ல கூட்டம். மதியத்துக்கு மேல் குடோனில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். சீனாவின் நிங்போவில் நேற்று நடந்த உலகக் கோப்பையில் ஈஷா சிங்குக்கு ஏர் பிஸ்டல் தங்கம். போன மாதம்தான் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் ஆசியத் துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கினார். இறுதிச் சுற்றில் 253.6. இருபத்து நான்கு குண்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை என்றால், சராசரியாக ஒவ்வொன்றும் 10.5-க்கு மேல். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். அக்கா மகள் அவர் படத்தை வெட்டி, குண்டு பிடிக்கும் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். குறி வைக்கும்போது கண் அங்கே போகும் என்று சொல்லி, கதவுப் பக்கம் மாற்றி ஒட்டச் சொன்னேன்.

அவளுக்கு 2020-ஐப் பற்றிச் சொன்னேன். மார்ச் 24 அன்றுதான் டோக்கியோ ஒலிம்பிக் தள்ளிப்போனதும், நாடு முழுக்க ஊரடங்கு அறிவித்ததும். ரேஞ்சுகள் எல்லாம் பூட்டு. வீட்டில் அடைபட்ட வீரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மாடியிலும் வராந்தாவிலும் பத்து மீட்டர் அளந்து இலக்கு மாட்டினார்கள். ஷிமோன் ஷெரீஃப் என்ற முன்னாள் இந்திய வீரர் ஏப்ரலிலேயே சர்வதேச ஆன்லைன் போட்டி ஒன்றை நடத்திவிட்டார். அவரவர் இடத்தில் நின்று சுட்டால் மதிப்பெண் திரையில் வரும். பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர்கூடக் கலந்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு நடத்திய ஷேக் ரஸ்ஸல் ஆன்லைன் போட்டியில் இளவேனில் 627.5 சுட்டுத் தங்கம் வாங்கினார். அறுபது குண்டுக்கு உச்சபட்சம் 654. எதிராளி கண் முன்னால் இல்லை, கைதட்டக் கூட்டமும் இல்லை. அந்த நிலையில் வந்த 627.5 என்பதால் எனக்கு அது மெடலைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அதற்கும் முன்னால் அபினவ் பிந்த்ரா. சண்டிகர் பக்கத்து வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிப் பழகியவர். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமம். ஹாக்கினன் 9.7, பிந்த்ரா 10.8. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. வசதியான வீடு, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் அவருக்கு இருந்தது உண்மை. ஆனால் விதி எங்கள் குடோனுக்கும் அதே 10 மீட்டர்தான், அதே அரை மில்லிமீட்டர்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று குண்டே போடவில்லை. தாங்கிப் பிடிக்கும் பழக்கம் மட்டும்.

போட்டி ரைஃபிள்களில் காற்றில்லாமல் விசையை மட்டும் தட்டிப் பழக ஒரு ஏற்பாடு இருக்கும். எங்களுடையது ஸ்பிரிங் ரைஃபிள். குண்டு போடாமல் தட்டினால் பிஸ்டன் முன்னால் போய் மோதிச் சீல் கெட்டுவிடும். ஆகவே விசையில் விரல் வைக்காமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்பது. இடுப்பை முன்தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, ரைஃபிளின் பாரத்தைத் தசைக்குக் கொடுக்காமல் எலும்புக்குக் கொடுப்பது. பிறகு அட்டையை நோக்கி நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்ப்பது. குறி பார்க்கும் முன்வளையம் அட்டைக்கு வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பாதத்தை நகர்த்தி நிற்க வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

“மாமா, முதுகெல்லாம் வலிக்குதுங்க. நெசமாவே ரெண்டு குண்டு போட்டுக்கட்டுங்களா?” என்றாள்.

“நாளைக்குப் போடலாம் கண்ணு. இன்னிக்கு நோட்டு எழுது.”

நோட்டு முக்கியம். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே, எங்கே போயிருக்கும் என்று மனசுக்குப் பட்டதை எழுத வேண்டும். ‘நாலு மணிப் பக்கம் ஒன்பது’ என்று கடிகார முகத்தை வைத்து எழுதுவது வழக்கம். அப்புறம் அட்டையைப் பார்த்து நிஜத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கினால், தப்பு எங்கே நடக்கிறது என்று உடம்புக்கே தெரிகிறது என்று அர்த்தம். நல்ல சுடுநர்கள் எல்லோரும் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். வெறுமனே டப்பா டப்பாவாகக் குண்டைக் காலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணமும் போகிறது, தப்பும் ஊறிப்போகிறது.

செப்டம்பர் 24, புதன்

இரண்டு நாள் கம்பெனி லீவு. தையல் மிஷினை எடுத்தேன். குறி பார்க்காத கண்ணை மூடினால் முகத்தசை இறுகும். அதனால் அந்தக் கண் முன்னால் ஒரு மறைப்பு வைப்பார்கள். 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் கூடாது. பாலிபேக் அட்டையில் வெட்டித் தொப்பியில் தைத்தாயிற்று. நிற்பதற்கு ஒரு பாய், ரைஃபிள் ஊன்ற ஒரு மெத்தை. மண்டியிட்டுச் சுடுகிறவர் காலுக்கடியில் வைக்கும் உருளை ஒன்றும் தைத்தேன். விதிப்படி 25 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் குறுக்களவுக்குள். அது 50 மீட்டர்க்காரர்களுக்குத்தான் வேண்டும், எங்களுக்கு இப்போது உபயோகமில்லை. என்.சி.சி.யில் இருக்கும் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

சுடும் கோட்டு மட்டும் தைக்கவில்லை. துணியின் தடிமன் ஒற்றை மடிப்புக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விறைப்பையும் கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள். எங்கள் ஊர்த் துணியில் அந்தப் பதம் வராது. அதற்கு அனுபவசாலிகளிடம் போவதே சரி.

செப்டம்பர் 28, ஞாயிறு

டீக்கடையில் ஒருவர் சொன்னார்: “அட்டையச் சுட்டு என்னத்தக் கண்டீங்க? மக்காச்சோளத்துல மயிலு எறங்குது, அதுக்கு ரெண்டு போடுங்க.” அவர் நஷ்டம் பொய்யில்லை. உப்பாறு பக்கம் விதைத்ததைக் கொத்திப் போய்விடுகின்றன. அதற்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, சுட்டால் ஜெயில். சட்டமே இல்லாவிட்டாலும் நான் போட மாட்டேன். புறாவுக்கும் அணிலுக்கும்கூட இல்லை. உயிரின் மேல் குறி வைத்துப் பழகிய கைக்கு அட்டையின் முன்னால் நிற்க யோக்கியதை இல்லை. அக்கா மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காகவே சத்தமாகச் சொன்னேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தையல் மிஷின், மம்பட்டி, பைக், ரைஃபிள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நேற்றே ரைஃபிளைத் துடைத்து வைத்தாயிற்று. வெளியே லேசாக எண்ணெய், குழலுக்குள் கம்பளித் துண்டு மட்டும். ஸ்பிரிங் ரைஃபிளில் எண்ணெய் காற்றறைக்குள் இறங்கினால் அழுத்தத்தின் சூட்டில் பற்றி வெடிக்கும். பளபளப்பாக இருக்கட்டும் என்று தாராளமாக ஊற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஊர்ப் பிள்ளைகள் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வாங்கியதிலிருந்தே ‘ரைஃபிள் கிளப்’ என்ற பேச்சு இவர்களிடம் இருக்கிறது. சேரலாம் என்றால் வெளியூருக்குப் போக வேண்டும்; போய் வரவே அரை நாள் ஆகும். தகப்பன் தாய் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிற வீட்டில் யார் கூட்டிப்போவது? கண்ணாடி மாட்டிவிட்டு வரிசையாக நிற்க வைத்தேன். முதலில் பெட்டியைக் காட்டினேன், அப்புறம் நோட்டைக் காட்டினேன். ரைஃபிளைக் கடைசியில்தான் எடுத்தேன். யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

இன்றைக்குத் திருப்பூரிலும் பல்லடத்திலும் ஆர்டர் இல்லாமல் எத்தனையோ ஷெட்டுகள் மூடிக் கிடக்கின்றன. பத்து மீட்டர் ரேஞ்சுக்கு ஒரு நீளமான சுவர், நல்ல விளக்கு, கட்டிங் வேஸ்ட் அடைத்த சில பெட்டிகள், பொறுப்பான ஒரு பெரியவர், இவை போதும். முதலாளிமார்களே, ஆர்டர் திரும்ப வரும்வரை ஒரு ஷெட்டின் ஒரு பக்கத்தை உங்கள் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பெட்டி அடைத்துத் தர நான் வருகிறேன்.