நோட்டில் என் பேர்

தேங்காய் வெட்ட ஒரு அருவா வாங்கலாம்னு நேத்து பட்டறைக்குப் போனேன். பேரம் முடிஞ்சதும் பட்டறைக்காரர் கரி படிஞ்ச நோட்டு ஒண்ணை எடுத்தார். "பேரும் போன் நம்பரும் சொல்லுங்க அண்ணாச்சி." கடையநல்லூர்லயே பிறந்து வளர்ந்தவன்கிட்ட!

2021 செப்டம்பர்ல நெல்லை, திண்டுக்கல் பக்கம் பழிக்குப்பழி கொலைகள் நடந்தப்ப, அருவா வாங்குறவங்க விவரத்தை எழுதி வைக்கணும்னு, அப்போ டி.ஜி.பி.யா இருந்த சைலேந்திர பாபு போட்ட உத்தரவு அது. ஆயுதக் கட்டுப்பாடுனு வந்தா அமெரிக்காக்காரன் துப்பாக்கிக்கு மல்லுக்கட்டுறான். நமக்கு 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கியை இறுக்கித்தான் பிடிச்சிருக்கு. ஆனாலும் 2024 ஜூலை 5, சென்னை பெரம்பூர்ல பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டித்தானே சாய்ச்சாங்க?

எனக்கு உறுத்துறது நாங்குநேரி. 2023 ஆகஸ்ட்ல பட்டியலின மாணவன் ஒருத்தனை, அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடேறி வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்த வயசுல நாங்க கோலிக்குச் சண்டை போட்டோம். சாதியை யார் ஊட்டினதுனு பிள்ளைகளைக் கேட்டுப் பிரயோஜனமில்ல, வீட்டுக்குள்ளதான் கேட்கணும். அதுக்கு அப்புறம் அரசு அமைச்ச ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, மாணவங்க சாதி அடையாளமா கையில கலர் கயிறு கட்டத் தடை போடச் சொல்லுச்சு.

திரும்பும்போது பஸ்ல பள்ளிக்கூடப் பசங்க. கம்பியைப் பிடிச்ச கைகள்ல மஞ்சள், சிவப்பு, பச்சைனு கயிறு. பேப்பர்ல சுத்தின அருவா என் மடியில இருந்துச்சு.